மூன்றாம் நாளின் அழல்

சிசியூ வாசலில் பிளாஸ்க்கும் போர்வையுமாக விடிய விடிய உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் மருத்துவர் வெளியே வந்து சொல்வார்: "அடைப்பை எடுத்தாச்சு, ஸ்டென்ட் வெச்சாச்சு." உடனே ஊருக்கு போன் பறக்கும். யாரோ ஒருவர் டீ வாங்கப் போவார். கணினித் திரையில் இரண்டு படங்களையும் காட்டுவார்கள். முதல் படத்தில் ரத்தக்குழாய் நடுவழியில் முறிந்த கொடிபோல நின்றுவிட்டிருக்கும். இரண்டாவதில் அதே குழாயில் மருந்து நுனிவரை கறுப்பாக ஓடும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சடைப்புக் கதை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் அது குழாயின் படம். குழாய் ஊட்டி வளர்த்த தசை அந்தப் படத்தில் இல்லை. அடைப்பு எடுத்த நிமிடத்திலிருந்து அடுத்த ஒன்றிரண்டு வாரம் அந்தத் தசைக்குள் நடப்பதுதான் ஆள் பழையபடி மாடிப்படி ஏறுவாரா, ஐந்தாறு படியிலேயே மூச்சு வாங்குவாரா என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. அதை நேரில் பார்க்க வழி உண்டா என்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளாக இதயப் படக்கலை கேட்டுவரும் கேள்வி.

மனித இதயத்தின் இடது கீழறையில் சுமார் 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் நூறு கோடி செல்களைக்கூடக் கொன்றுவிடும். 1977-ல் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் காட்டியதுபோல, இந்தச் சாவு சுவரின் உட்புறத்தில் தொடங்கி, கரையேறும் அலையாக வெளிப்புறம் நோக்கி நகர்கிறது. சீக்கிரம் குழாயைத் திறந்தால் அலை பாதியில் நிற்கும். அவ்வளவுதான் நம்மால் முடியும். போன செல்கள் திரும்புவதில்லை. சுவீடனில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு 2009-ல் இதைத் துல்லியமாக அளந்தது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14, அந்தந்தக் காலத்தில் பிறந்த செல்களின் டி.என்.ஏ.வில் தேதி முத்திரைபோலப் பதிந்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்ததில், 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு இதயச் செல்தான் புதிதாகிறது. 75 வயதில் அது அரைப் பங்கிலும் சற்றுக் குறைவு. நூறு கோடி ஓட்டையை இந்த வேகத்தில் அடைக்க முடியாது. ஆகவே உடம்பு ஒட்டுப் போடுகிறது. தசை போன இடத்தில் நார், அதாவது தழும்பு.

ஒட்டுப் போடுவதற்கு முன் கிழிந்த துணியை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பெயர்தான் அழற்சி. தமிழில் இந்தச் சொல் அழல் என்ற நெருப்பிலிருந்து வருகிறது. பேச்சில் நாம் 'வீக்கம்' என்று சொல்லிவிடுகிறோம். அது நெருப்பை விட்டுவிட்டுப் புகையைச் சொல்வது. இதயத்தில் முதலில் வந்து இறங்குபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். சில மணி நேரத்தில் வரும், ஓரிரு நாளில் உச்சம் தொடும், பெரும்பாலும் அங்கேயே மடியும். பின்னால் மோனோசைட்கள் வரும். இவற்றில் இரண்டு குணம் உண்டு என்று பாஸ்டனில் மத்தியாஸ் நாரென்டோர்ஃப், ஃபிலிப் சுவிர்ஸ்கி ஆகியோர் 2007-ல் எலிகளில் காட்டினார்கள். முதல் நான்கு நாட்களுக்குள் வரும் கூட்டம் இடிப்பவர்கள்: செத்த செல்லைத் தின்று, பழைய சட்டகத்தைக் கரைப்பவை. அதற்குப் பிறகு மேலோங்கும் கூட்டம் கட்டுபவர்கள்: புது ரத்தக்குழாய்களையும் நாரையும் வளர்ப்பவை. மனிதர்களிலும் ரத்தத்தில் இதே இரட்டை அலை உண்டு. ஜப்பானின் வகாயாமாவில் நோயாளிகளை அளந்தபோது முதல் வகை மூன்றாம் நாளை ஒட்டியும் இரண்டாம் வகை ஐந்தாம் நாளை ஒட்டியும் உச்சமடைந்தன. முதல் அலை மிதமிஞ்சி எழுந்தவர்களின் தசை குறைவாகவே பிழைத்தது.

இத்தனை பேர் அவசரமாக எங்கிருந்து வருகிறார்கள்? எலும்பு மஜ்ஜையிலிருந்து என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2009-ல் அதே பாஸ்டன் குழு மண்ணீரலைச் சுட்டியது. விலா எலும்புக்கடியில் ஒதுங்கிக் கிடக்கும் இந்த உறுப்பு மோனோசைட்களைச் சேமக்காவலர்போல அடைத்து வைத்திருக்கிறது. இதயம் அடிபட்டதும் கதவைத் திறந்துவிடுகிறது. உடலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மருத்துவ மாணவர்களுக்குக் கிட்டத்தட்ட சொல்லிக்கொடுக்கப்பட்ட உறுப்பு அது.

இடிப்பவர்கள் வேலை முடிந்து கட்டுபவர்கள் இன்னும் முடிக்காத இடைவெளிதான் ஆபத்தானது. பழைய சட்டகம் கரைந்திருக்கும், புது நார் இறுகியிருக்காது, சுவர் நிமிடத்துக்கு எழுபது முறை இழுபடும். உடனடி சிகிச்சை பரவாத காலத்தில், மாரடைப்பில் தப்பியவர் மூன்றாம், நான்காம் நாள் கட்டிலில் பேசிக்கொண்டிருக்கும்போதே இதயச் சுவர் கிழிந்து இறந்துபோவது பழைய மருத்துவர்கள் நன்கறிந்த காட்சி.

அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால்? இந்த எண்ணம் 1970-களிலேயே தோன்றிவிட்டது. அழற்சியை ஸ்டீராய்டைவிட வலுவாக அடக்கும் மருந்து அன்று கிடையாது, கொடுத்தும் பார்த்தார்கள். 1974-ல் பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்த பல்க்லியும் ராபர்ட்ஸும், ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகி, சுவர் பலூன்போலப் புடைத்திருந்ததை எழுதினார்கள். 1976-ல் மெத்தில்பிரெட்னிசலோனைத் திரும்பத் திரும்பப் பெற்ற நோயாளிகளுக்குச் சேதம் கூடியதாக இன்னொரு அறிக்கை வந்தது. 1978-ல் பாஸ்டனில் யூஜின் பிரான்வால்டின் குழுவினர் விலங்குகளில் கண்டதற்கு வைத்த பெயர் மறக்க முடியாதது: 'மம்மியாதல்'. செத்த தசைச் செல்களை அகற்ற யாரும் வராததால், அவை எகிப்தியக் கல்லறைப் பிணங்களைப்போல உருக்குலையாமல் அப்படியே கிடந்தன. பிற்காலத்தில் எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்தவர்கள் ஸ்டீராய்டு அவ்வளவு கொடியதல்ல என்று வாதிட்டார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. மாரடைப்பு வந்தவர் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இன்றும் எச்சரிப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் இந்தப் பழைய பயமும் ஒன்று.

பிறகு குறிபார்த்துச் சுடும் மருந்துகள் வந்தன. வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ளும் கொக்கியை மறைக்கும் மருந்து, நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரே ஒரு புரதத்தைப் பிடிக்கும் மருந்து. இரண்டாவது வகையைச் சேர்ந்த, 2007-ல் 5,745 பேரிடம் சோதித்த பெக்சலிசுமாப் ஒரு உயிரைக்கூடக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. எலியில் ஜெயித்தது மனிதனில் ஏன் தோற்றது என்பதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எனக்குப் படுவது இதுதான்: எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்து, ஒரே நாள், ஒரே அளவு. யாருக்கு அழல் அடங்கி எரிகிறது, யாருக்குக் கூரையைத் தொடுகிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கருவியும் கையில் இல்லை.

ரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். சி.ஆர்.பி. அளவு ஏறினால் அழற்சி என்று எந்த லேபும் சொல்லும். ஆனால் அது ஊரில் எங்கோ தீப்பிடித்தால் அடிக்கும் மணி. எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லாது. சளிப் பிடித்தாலும் அடிக்கும். ட்ரோபோனின் எத்தனை செல் செத்தது என்று சொல்லும், மேற்கொண்டு எதுவும் தெரியாது. எக்கோவில் சுவர் அசைகிறதா இல்லையா என்று பார்க்கலாம். ஊசி போட்டுத் தசையைக் கிள்ளி எடுப்பதோ, நான்காம் நாள் சுவரில் யாரும் செய்யத் துணியாத காரியம். மிஞ்சுவது படம்தான்.

முதலில் எம்.ஆர்.ஐ. இதற்குத் தெரிந்தது ஒரே பொருள்: தண்ணீர். காந்தப்புலத்தில் வரிசையாக நிற்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டிவிட்டால் எல்லாம் ஒரே தாளத்தில் சுழலும். பிறகு தாளம் கலைந்துபோகும். கலைய எடுக்கும் நேரத்துக்கு டி2 என்று பெயர். புரதங்களோடு ஒட்டி உறவாடும் நீரில் தாளம் சீக்கிரம் கலையும், தளர்ந்து நிற்கும் நீரில் மெல்லக் கலையும். நல்ல இதயத் தசையில் டி2 ஏறத்தாழ 50 மில்லிவினாடி. நீர் கோத்த தசையில் 60-ஐத் தாண்டிவிடும். பத்து மில்லிவினாடிதான் வித்தியாசம், ஆனால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அழற்சி உள்ள இடத்தில் குழாய்கள் கசிந்து நீர் சேரும் என்பதால், வெள்ளை இடத்தைப் பார்த்துச் சேதத்தின் எல்லையை அளக்கலாம் என்று முடிவுகட்டி, அந்த அளவை நம்பி எத்தனையோ ஆய்வுகளும் நடந்தன. நீர் கோத்தால் ஒரு வாரம் அப்படியே நிற்கும், எந்த நாளில் எடுத்தாலும் ஒரே படம்தான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

மாட்ரிட்டில் உள்ள தேசிய இதய ஆய்வு மையத்தில் போர்ஹா இபான்யெஸும் ரோட்ரிகோ ஃபெர்னான்டெஸ்-ஹிமெனெஸும் அதைச் சரிபார்க்க நினைத்தார்கள். பன்றியின் இதயம் அளவிலும் குழாயமைப்பிலும் நம்முடையதை ஒத்தது. பன்றிகளின் ஒரு குழாயை 40 நிமிடம் அடைத்து, திறந்து, இரண்டு மணி நேரம், ஒரு நாள், நான்கு நாள், ஏழு நாள் எனப் படம் எடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவு பலரைத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது மணி நேரத்தில் தசை பளீரென்று வெள்ளை. மறுநாள் அந்த வெள்ளையைக் காணோம். தசை கிட்டத்தட்டப் பழைய நிலை. நான்காம் நாள் மறுபடி வெளுக்கத் தொடங்கி, ஏழாம் நாள் முழு வெள்ளை. நீர் ஒரே வெள்ளமாக வரவில்லை, இரண்டு அலையாக வந்திருக்கிறது. முதல் அலை, அடைத்திருந்த குழாய் திடீரெனத் திறந்ததால் வந்தது. இரண்டாவது, வெள்ளணுக்கள் இடிப்பதும் புது நார் முளைப்பதுமான ஆறுதலின் அலை. பிறகு மனிதர்களிலும் இதே மேடு பள்ளம் தெரிந்தது. ஒரு நோயாளியை மறுநாளும் இன்னொருவரை ஆறாம் நாளும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். வைகையில் ஆடியில் ஒருநாளும் ஐப்பசியில் ஒருநாளும் தண்ணீர் அளந்து ஆற்றின் அகலத்தை முடிவு செய்ததுபோல.

தண்ணீரைப் பார்ப்பது போதாது, செல்லையே பார்க்க வேண்டும் என்கிறவர்கள் எம்.ஆர்.ஐ.யிலேயே வேறு தந்திரங்கள் செய்தார்கள். மேக்ரோஃபேஜ் என்னும் பெருந்தீனிச் செல் கண்டதையும் விழுங்கும். ஆகவே இரும்பாக்சைடின் நுண்துகள்களை ரத்தத்தில் விட்டால் அதையும் விழுங்கிக்கொண்டு காயத்துக்குப் போய்ச் சேரும். இரும்பு இருக்குமிடம் படத்தில் மாறித் தெரியும். எடின்பரோவில் டேவிட் நியூபியின் குழு 2012-ல் நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டியது. டூசல்டார்ஃபில் உல்ரிக் ஃப்ளோகல் 2008-ல் எடுத்த வழி இன்னும் அழகு. உடம்பின் மென்தசையில் ஃப்ளூரின் இல்லவே இல்லை. ஃப்ளூரின் நிறைந்த எண்ணெய்த் துளிகளை எலிக்கு ஏற்றி, ஹைட்ரஜனுக்குப் பதில் ஃப்ளூரினைத் தேடும்படி கருவியைத் திருப்பினால், அமாவாசை இரவில் டார்ச் ஏந்தி நடப்பவர்களைப்போல மோனோசைட்கள் மட்டும் தெரியும்.

மறுபக்கம் பெட் ஸ்கேன். இதில் வெளிச்சம் நோயாளிக்குள்ளிருந்து வருகிறது. கதிரியக்க அணு ஒன்றை ஏதாவது மூலக்கூறில் பொருத்தி ஊசிமூலம் ஏற்றினால், அது போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து பாசிட்ரான் வெளிப்பட்டு, எதிர்ப்படும் எலக்ட்ரானோடு மோதி அழியும். அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பறக்கும். சுற்றியுள்ள வளையம் அவற்றைப் பிடித்துக் கோடு வரைந்து, கோடுகள் குறுக்கிடும் இடத்தைப் புள்ளியாக்கும். மிகவும் பழகிய மூலக்கூறு எஃப்.டி.ஜி. என்னும் வேடமிட்ட சர்க்கரை. சர்க்கரை என்று நம்பிச் செல் உள்ளே இழுக்கும், முதல் படியைத் தாண்டி எரிக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது, அங்கேயே மாட்டிக்கொள்ளும். வேலையில் மூழ்கிய வெள்ளணுக்கள் சர்க்கரையை அள்ளித் தின்பவை. ஆகவே அழற்சி உள்ள இடம் ஒளிரும். புற்றுநோய் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் ஸ்கேன் இது.

இதயத்தில் ஒரு சிக்கல். இதயத் தசைக்கே சர்க்கரை பிடிக்கும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த ஆளின் இதயம் முழுவதும் தீபாவளியாக ஒளிரும். அதில் அழற்சியைத் தேடுவது வெயிலில் மின்மினி தேடுவது. நல்லவேளையாக இதயம் அடம் பிடிப்பதில்லை, சர்க்கரை கிடைக்காவிட்டால் கொழுப்பை எரிக்கும். வெள்ளணுக்களுக்கு அந்த வளைந்துகொடுக்கும் குணம் குறைவு. ஆகவே ஸ்கேனுக்கு முன்தினம் நோயாளி மாவுப்பொருளைத் தொடக் கூடாது, கொழுப்பு நிறையச் சாப்பிட வேண்டும், பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி. நம் ஊர்ச் சாப்பாட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணிப் பார்க்கலாம். இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி, பழம், சர்க்கரை போட்ட காபி எதுவும் ஆகாது. முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர் சமாளிப்பார். சைவருக்குப் பனீரும் வெண்ணெயும் நெய்யும்தான் கதி. நேற்றுவரை நெய்யைக் கண்ணால் பார்க்காதே என்ற அதே துறை இன்று நெய்யை எடுத்து ஊற்றிக்கொள் என்கிறது. யாரோ அன்பு மிகுந்த உறவினர் கொடுத்த ஒரு பிஸ்கட் போதும், ஸ்கேனே வீண்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு எடுத்தாலும் படம் ஒரே குரலில் பேசுவதில்லை. மியூனிக்கில் கிறிஸ்டோஃப் ரிஷ்ப்ளரின் குழு பெட், எம்.ஆர்.ஐ. இரண்டும் ஒன்றாய் இணைந்த கருவியில், மாரடைப்புக்கு ஐந்து நாள் கழித்து 49 பேரைப் பார்த்து 2016-ல் எழுதியது. காயத்தில் எஃப்.டி.ஜி. ஒளி அதிகம் இருந்தவர்களின் இதயம் ஆறு மாதம் கழித்தும் சரியாகத் தேறவில்லை. அழல் கூடினால் ஆறுவது கெடும் என்ற எண்ணத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் அடிபட்டுத் திகைத்து நிற்கும் தசைச் செல்லும் சர்க்கரையைத்தான் நாடும். எரிவது வெள்ளணுவா, தடுமாறும் தசையா என்று எஃப்.டி.ஜி.க்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சர்க்கரையை விட்டு, வெள்ளணுவின் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் அடையாள வில்லையைத் தேடுவது அடுத்த கட்டம். சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்பது வெள்ளணுக்கள் காயத்தின் மணம் பிடித்து வரப் பயன்படுத்தும் மூக்கு. அதைப் பற்றிக்கொள்ளும் பென்டிக்ஸாஃபோர் என்ற சிறு மூலக்கூறை மியூனிக்கில் ஹான்ஸ்-யூர்கன் வெஸ்டரின் ஆய்வகம் உருவாக்கியது. அதில் ஏற்றும் கதிரியக்க அணு கேலியம்-68, அரை ஆயுள் 68 நிமிடம். கதிரியக்க அணுக்களைச் செய்யும் சைக்ளோட்ரான் இயந்திரம் இதற்கு வேண்டாம், ஜெர்மானியம்-68 அடைத்த ஒரு சிறு பெட்டி போதும். 271 நாள் அரை ஆயுள் கொண்ட ஜெர்மானியம் சிதைந்து சிதைந்து கேலியம் ஊறிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது கழுவி எடுக்கலாம். அணுமருத்துவக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பசு என்பார்கள், எடுப்பதைக் கறப்பது என்பார்கள். கறந்த பால் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும்; அதற்குள் மருந்தாக்கி, நோயாளிக்கு ஏற்றி, படம் எடுத்தாக வேண்டும்.

ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் பெங்கலும் ஜேம்ஸ் தாக்கரேயும் இந்த மூலக்கூறைக் கொண்டு செய்த ஆய்வு 2020-ல் வந்தது. நான் படித்தவற்றில் இந்தத் துறையின் போக்கையே சொல்லும் ஆய்வு இதுதான். மாரடைப்பு உண்டாக்கிய எலிகளில் முதல் மூன்று நாள் காயம் கடுமையாக ஒளிர்ந்தது. ஒளி மிகுந்த எலிகளுக்குத்தான் பிற்பாடு இதயச் சுவர் கிழிந்தது. அடுத்து, அதே மூக்கை அடைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். ஒளி உச்சத்தில் இருந்த மூன்றாம் நாளில் கொடுத்த எலிகளுக்குச் சுவர் கிழிவது குறைந்தது, இதயம் நன்றாகச் சுருங்கியது. ஒளி அடங்கிய ஏழாம் நாளில் அதே மருந்தைக் கொடுத்தபோது எந்தப் பயனும் இல்லை. மருந்து ஒன்றுதான், இதயமும் ஒரே மாதிரிதான், மாறியது கிழமை மட்டும். நம் பாட்டிமார் கட்டி பழுத்த பிறகுதான் கீறவிடுவார்கள். பழுக்கும் முன் கீறினாலும் ஆகாது, தானே உடைந்த பின் கீறினாலும் பிரயோஜனமில்லை. அந்தப் பழுத்த நாளைக் கண்டுபிடிக்க இங்கே பெட் ஸ்கேன். நோயாளிகளிடமும் இதே ஒளி இருப்பதை ஹனோவர் குழு காட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் மருந்தை மனிதர்களிடம் அப்படியே பின்பற்றலாமா என்பது வேறு கணக்கு. எலியின் நாள்காட்டி நம்முடையதைவிட வேகமாகப் புரள்வது.

ஸ்கேன் வளையத்துக்குள் முழு உடம்பும் போவதால் தேடாத இடங்களும் வெளிச்சமாகின்றன. மாரடைப்புக்குப் பின் மண்ணீரல் எஃப்.டி.ஜி.யில் ஒளிர்வதை பாஸ்டனில் அகமது தவாகோலின் குழு கண்டது. மண்ணீரல் அதிகம் ஒளிர்ந்தவர்களுக்குப் பிற்பாடு இதயச் சிக்கல் வருவதும் அதிகமாக இருந்தது. இன்னும் விசித்திரமானது தலைக்குள். ஹனோவர் குழு 2018-ல், விழித்தெழுந்த அழற்சிச் செல்களில் பெருகும் டி.எஸ்.பி.ஓ. என்ற புரதத்தைத் தேடும் மூலக்கூறை எலிகளுக்கு ஏற்றியது. மாரடைப்பு வந்து ஒரு வாரத்தில் இதயத்தோடு சேர்ந்து மூளையும் ஒளிர்ந்தது. எட்டாவது வாரத்தில் இதயம் தளரத் தொடங்கியபோது மூளை மறுபடி ஒளிர்ந்தது. நெஞ்சில் பட்ட அடி மூளையின் காவல் செல்களை உசுப்புகிறது. மாரடைப்புக்குப் பிறகு அப்பா முன்னைப்போல் இல்லை, எதற்கெடுத்தாலும் மறதி, சலிப்பு என்று வீட்டில் சொல்வதை இந்தப் படத்தோடு உடனே முடிச்சுப் போட்டுவிட மாட்டேன். காரணம் பயமாகவும் இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த முறை அந்தப் பேச்சைக் கேட்கும்போது வயசாகிவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் மாட்டேன்.

இதற்கிடையில் மருந்து உலகம் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2017-ல் பால் ரிட்கர் நடத்திய கான்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த 10,061 பேரில் அழற்சியின் ஒரே ஒரு தூதுவனை, இன்டர்லூகின்-1 பீட்டாவை, மட்டும் அடக்கியபோது அடுத்த தாக்குதல்கள் குறைந்தன. கூடவே உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றுக் கூடின. அதன் பிறகு எல்லாரும் மலிவான பழைய மருந்தான கோல்ச்சிசின் பக்கம் திரும்பினார்கள். இது நமக்கு அந்நியமல்ல. தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள நஞ்சு இது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு பயிரிடுவதே விதைக்காகத்தான். கோல்ச்சிசின் எடுக்க அது வெளிநாடு போகிறது. கிழங்கைத் தின்றால் சாவு, ஆனால் அரை மில்லிகிராம் வெள்ளணுக்களின் நடமாட்டத்தைத் தளர்த்தும். 2019-ல் மான்ட்ரியாலிலிருந்து வந்த கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் சேர்ந்த 4,745 பேரில், அடுத்த இதயச் சிக்கல்கள் இதைப் பெறாதவர்களுக்கு நூற்றுக்கு 7.1, பெற்றவர்களுக்கு 5.5. 2024-ல் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்ட கிளியர் ஆய்வு, மாரடைப்பை ஒட்டியே கொடுத்தபோது எந்தப் பயனும் இல்லை என்றது. அதற்கு முன்பே பிரான்சில் 192 பேரில் ஒரு பகுதியினருக்கு முதல் ஐந்து நாள் கோல்ச்சிசின் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருந்தார்கள். சேதத்தின் பரப்பு குறையவே இல்லை. இதைப் படித்துவிட்டு கோல்ச்சிசின் நல்லதா கெட்டதா என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இந்த ஆய்வுகளில் கண்ணில் படுவது தேதிகள்தான். மருந்து எந்த நாளில் போய்ச் சேர்ந்தது, அந்த நாளில் அந்த மனிதரின் தசைக்குள் யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள்?

அடங்கிய அழலுக்குப் பின்னால் வருபவர்களையும் இப்போது பார்க்க முடிகிறது. தழும்பைக் கட்டும் நார்ச்செல்கள் விழித்தெழும்போது அவற்றின் மேல் எஃப்.ஏ.பி. என்ற புரதம் முளைக்கும். அதைப் பற்றும் ஃபாபி மூலக்கூறுகளை ஹைடல்பெர்கில் புற்றுநோய்க்காக உருவாக்கினார்கள். சாதாரண உறுப்புகளில் அந்தப் புரதம் மிகக் குறைவு என்பதால் பட்டினி, நெய் எதுவும் வேண்டாம். 2022-ல் ஹனோவரில் மாரடைப்பு வந்து சில நாட்களே ஆன 35 பேருக்கு இதை ஏற்றி, அதே இதயத்தின் எம்.ஆர்.ஐ.யோடு பொருத்திப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் செத்த தசை, ஊசிமூலம் ஏற்றும் காடோலினியம் என்ற சாயமருந்து தேங்கி வெள்ளையாகவும், நல்ல தசை கறுப்பாகவும் தெரியும். ஃபாபியின் ஒளி அந்த வெள்ளை எல்லைக்குள் அடங்கவில்லை. கறுப்பாக, நலமாக, தப்பிப் பிழைத்ததாகக் கணக்கெழுதப்பட்ட தசைக்குள்ளும் வெகுதூரம் பரவிக் கிடந்தது. இந்த ஒளி எவருக்கு அகலமாக இருந்ததோ, அவருடைய இதயம் சில மாதம் கழித்து ரத்தத்தைத் தள்ளும் வலுவில் பின்தங்கியது. ஸ்டென்ட் வைத்த அன்று திரையில் பார்த்த குழாய் அப்போதும் நுனிவரை திறந்தேதான் இருந்திருக்கும்.